நான் வெட்டிய கானில் ஓடிய ஊற்று

தண்ணீரை விரட்டுவதுதான் அப்போது என் தொழில். கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் தேயிலைத் தோட்டத்தில் அப்படி ஒரு வேலை உண்டு, அதற்குக் கான் வெட்டு என்று பேர். மழைத்தண்ணீர் மலைச்சரிவில் நேராக இறங்கினால் மண்ணையும் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் சரிவின் குறுக்கே வாய்க்கால் வெட்டி, தண்ணீரை நயமாக ஓரத்துக்கு அழைத்துப் போய் ஓடையில் இறக்கிவிட வேண்டும். அந்த வாய்க்கால்தான் கான். சாய்வு கூடினால் தண்ணீர் மண்ணை அறுக்கும். குறைந்தால் தேங்கிவிடும். தேங்கினால் தீர்ந்தது கதை. "தண்ணி நிக்குது!" என்று கணக்கப்பிள்ளை ஒரு சத்தம் போடுவார். அடுத்த மலையில் கொழுந்து பறிக்கிறவர்கள்கூடத் தங்கள் காலடியைப் பார்த்துக்கொள்வார்கள்.

மேக்கணக்கில், அதாவது எங்கள் தோட்டத்தின் மேல் பகுதியில், என்னைப்போல் கான் வெட்டுகிறவன் கிடையாது. வேறு யாரும் சொல்லாததால் இதை நானே சொல்லவேண்டியிருக்கிறது. சின்ன துரை கருவி வைத்து மட்டம் பார்த்துக் குச்சி நடுவதற்கு முன்பே நான் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, மலையைப் பார்த்து இன்ன இடத்தில்தான் குச்சி விழும் என்று சொல்லிவிடுவேன். "மத்தக் கண்ணையும் மூடிக்கிட்டுத்தான் சொல்றான்" என்பார் எங்கள் கங்காணி. எங்கள் ஆட்கட்டுக்கு அவர்தான் தலைவர். என்னைப் புகழ்ந்தால் காசு கேட்பேனோ என்று அவருக்குப் பயம்.

அந்தத் தோட்டம் திம்புள்ளப் பக்கத்து மலையொன்றில் இருந்தது. வருஷத்தில் எட்டு மாதம் மழை. துணி காயாது, விறகு காயாது, மூக்கு காயாது. அப்படிப்பட்ட ஊரில் குடிதண்ணீருக்குத் திண்டாடினோம் என்றால் வெளியூர்க்காரர்கள் என்னைப் பொய்யன் என்கிறார்கள். வேறு காரியங்களில் அப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்வேன். இதில் மாட்டேன். நாங்கள் குடியிருந்த வரிசை வீடு, அதாவது எங்கள் லயம், மலையின் தோளில், மற்ற லயங்களுக்கெல்லாம் மேலே இருந்தது. தை பிறந்தால் மழை கிழக்கே போய்விடும். பங்குனி வரைக்கும் வெயிலும் பனியும்தான். லயத்துக்கு மேலே பாறை இடுக்கில் ஓர் ஊற்று. அதிலிருந்து பிளந்த மூங்கில் வழியாகத் தண்ணீர் வந்து விழும் இடம்தான் பீலி. மழைக்காலத்தில் கைத் தடிமனில் விழும் தண்ணீர், மாசியில் நூலாகிவிடும். ஒரு குடம் நிறைவதற்குள் வரிசையில் நிற்கும் பெண்கள் ஒரு கல்யாணத்தைப் பேசி முடித்து, அதை முறித்தும் விடுவார்கள்.

நான் சொல்ல வந்தது முப்பதுகளின் முற்பகுதியில் ஒரு தை மாதம் தொடங்கியது. தேயிலை விலை விழுந்து, தோட்டங்களில் ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலம். எத்தனையோ குடும்பங்கள் கப்பலேறி இந்தியாவுக்குத் திரும்பிவிட்டன. முன்னெல்லாம் பீலி காய்ந்தால் மாட்டுவண்டியில் பீப்பாய் வைத்துத் தண்ணீர் மேலே வரும். அந்த வருஷம் வண்டியையும் நிறுத்திவிட்டார்கள்.

ஒரு நாள் காலையில் பெரட்டுக்களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரத்தில், பெரிய துரையே வந்து நின்றார். அவருக்குத் தமிழ் தெரியும். உத்தரவு போடுவதற்கு வேண்டிய அளவு தெரியும்.

"பீலி காஞ்சா லயம் பூட்டு. ஒண்ணுலேந்து அஞ்சு காம்பரா, பணியக் கணக்கு போ. ஆறுலேந்து பத்து, றொசல்ல தோட்டம் போ. அங்கே காம்பரா சும்மா கெடக்கு. நல்லா கேட்டியா?"

"கேட்டோங்க தொரை" என்றோம் எல்லோரும். கேட்டதில் ஒரு குறையும் இல்லை. பணியக் கணக்கு என்றால் எங்கள் தோட்டத்தின் கீழ்ப் பகுதி.

லயத்தில் ஒரு குடும்பம் குடியிருக்கும் ஒற்றை அறைக்குத்தான் காம்பரா என்று பெயர். எங்கள் லயத்தில் வரிசையாகப் பத்து. எங்களுடையது ஐந்தாவது. ஆறாவது, என் மனைவியின் தங்கை வீடு. இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர். சுவர் என்றால் முழுச் சுவர் அல்ல. ஆள் உயரத்துக்குமேல் கொஞ்சம் ஏறி நின்றுவிடும். அதற்கும் தகரக் கூரைக்கும் நடுவே திறந்த வெளி. அந்த வெளி வழியாக அக்காளும் தங்கையும் நாள் முழுக்கப் பேசுவார்கள். உப்புப் போகும், கருவாடு வரும், கொட்டாங்கச்சியில் நெருப்புப் போகும். நான் என் மனைவியிடம் ஏதாவது சொன்னால், பதில் சில சமயம் அந்தப் பக்கத்திலிருந்து வரும்.

தாய் இந்தத் தங்கையைப் பெற்றபோதே போய்விட்டாள். அப்போது என் மனைவிக்கு ஒன்பது வயது. அவள்தான் தூக்கி வளர்த்தாள். இப்போது அந்தத் தங்கை முதல் பிள்ளைக்கு நான்கு மாதமாக இருந்தாள். ஆனியில் பிறக்கும் என்று கணக்கு. தாய் போன விதத்தை நினைத்து அவள் பயந்தபோதெல்லாம், "நான் ஒன் பக்கத்துலயே இருப்பேன்டி, ஒன் கையப் புடிச்சுக்கிட்டே இருப்பேன்" என்று என் மனைவி சுவருக்கு மேலே சொல்லிக்கொண்டிருப்பாள். நானே நூறு தடவை கேட்டிருக்கிறேன். பெரட்டுக்களத்திலிருந்து திரும்பி வரும்போது அவள் என்னிடம் ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"பீலி காயக் கூடாதுங்க."

றொசல்லை ஒன்றும் வேறு தேசம் இல்லை. ரயிலில் போனால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் ரயிலில் போவதற்கு லீவு வேண்டும். ஆளைக் குறைக்கும் காலத்தில் லீவு கேட்கிறவன், தன் பெயரைத் தானே எழுதிக் கொடுக்கிறவன். அதனால் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் அவள் இருக்கவேண்டுமானால், பங்குனி முடிய மழை வரும்வரைக்கும் பீலி ஓடவேண்டும். வேறு வழி கிடையாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் லயமே கூடியது. கங்காணிதான் பேச்சைத் தொடங்கினார்.

"ராத்திரி பூரா நம்ம தூங்குறோம். பீலி தூங்குதா? ஓடிக்கிட்டே இருக்கு. அம்புட்டும் பள்ளத்துல போகுது. அதப் புடிச்சு நிக்க வச்சா, நூலா வந்தாலும் நமக்குப் போதும்."

பீலிக்குக் கீழே ஒரு குழி தோண்டி, கல் அடுக்கி, களிமண் பூசி, ராத்தண்ணீரைச் சேர்ப்பது என்று முடிவாயிற்று. காம்பராவுக்கு ஒரு நாளைக்கு மூன்று குடம். குளிப்பும் துவைப்பும் கீழே ஓடையில். தோட்டத்து அழுக்கெல்லாம் கலக்கும் அதைக் குடிக்க முடியாது. அதைக் கண்காணிக்க எட்டாம் காம்பரா அக்காளை வைத்தார்கள். அவர் மலையில் கூப்பிட்டால் ஸ்டோரில், அதுதான் எங்கள் தேயிலை ஃபேக்டரியில், கேட்கும். அவருக்குத் தப்பி ஒரு சிரட்டைத் தண்ணீர்கூடப் போகாது. நான் ஒரு நாள் மீசையைச் சீர்படுத்த இன்னொரு செம்பு மொண்டபோது, "அந்த மூஞ்சிக்கு எதுக்குப்பா ரெண்டாந் தண்ணி?" என்று அவர் கேட்டது பணிய லயம் வரைக்கும் கேட்டுவிட்டது. அன்றிலிருந்து மீசையை மறந்தேன்.

இனி யாருடைய யோசனைப்படி வெட்டுவது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மண்ணும் தண்ணீரும் தெரிந்தவன் நான்தானே? கல்யாணப் பெண் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு, மந்திரி மாதிரி ஒத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் என் மனைவி ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, நீங்க ஓட்டிவிடுற ஆளு. நிக்க வைக்கத் தெரியுமா ஒங்களுக்கு?"

"ஒன்ன நிக்க வச்சுக் கேள்வி கேட்க வச்சிருக்கேனே, இது பத்தாதா?" என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் கொழுந்தியாள் சிரித்தாள். ஏதோ ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நான் ரொட்டி தின்றேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. ஆண்கள் வெட்டினோம். பெண்கள் கொழுந்துக் கூடையில் கல் சுமந்தார்கள். ஓடைக்கரையிலிருந்து களிமண் கொண்டுவந்து காலால் மிதித்தோம். லயத்தின் அந்த முனைக்காரர் குடமும் இந்த முனைக்காரர் குடமும் பீலியில் உரசக்கூடாது என்று பல வருஷமாகச் சண்டை போட்டவர்கள், கல்லைக் கைமாற்றும்போது யார் கை என்று பார்க்கவில்லை. பார்க்க நேரம் இல்லை. கொழுந்தியாளைச் சும்மா இரு என்றால் கேட்கமாட்டாள். "மச்சான் மேஸ்திரியா நிக்கிறப்ப சிரிக்கவாச்சும் ஆள் வேணாமா?" என்று ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டு, களிமண் உருண்டை பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன், என் சகலன், பேசாத மனுஷன். நான் சொல்வதைப்போல் இரண்டு மடங்கு வெட்டுவான்.

தண்ணீர் நின்றது.

அதை இன்றைக்கும் நினைத்தால் எனக்கு ஆச்சரியம்தான். நான்கு பாய் விரிக்கும் அளவு குழி. திங்கட்கிழமை விடிந்து போய்ப் பார்த்தால் முழங்காலளவு தண்ணீர், உள்ளே வானம். எட்டாம் காம்பரா அக்காள் கிசுகிசுப்பாக, "நிக்குதுப்பா" என்றார். அதுவே பெரிய அதிசயம். முதல் குடத்தைக் கொழுந்தியாளை மொள்ளச் சொன்னார்கள். மொண்டு, அதிலிருந்து ஒரு கை எடுத்து என் மூஞ்சியில் அடித்தாள். மாசி முழுக்க எல்லாக் காம்பராவுக்கும் மூன்று குடம் குறையாமல் கிடைத்தது. மேலே வந்த கண்டாக்கையா, எங்கள் மலைக்கு அதிகாரி, குழியைப் பார்த்து, "தொரைகிட்ட சொல்றேன்" என்றார். சொன்னாரா தெரியாது. நான் மட்டும் தோட்டத்தில் நடக்கும்போது கொஞ்சம் நெஞ்சை முன்னால் விட்டு நடந்தேன். இடுப்பு வலியா என்று இரண்டு பேர் விசாரித்தார்கள்.

இந்த இடத்தோடு நான் பேனாவை மூடிவிட்டால், ஊருக்கு உதவியவன் என்று ஒரு பேர் இருந்திருக்கும். இப்போது அட்டன் கடைவீதியில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கடுதாசி எழுதிக் கொடுக்கிறேன். அவர்களுக்காக எத்தனையோ விஷயங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன். இதை விட முடியவில்லை.

பங்குனி பிறந்து இரண்டாம் ஞாயிறு. ஊற்று இன்னும் மெலிந்திருந்தது. காலையில் குழி முக்கால்தான் நிறைந்திருந்தது. மூன்று குடம் இரண்டரை ஆகுமோ என்று பேச்சு. நான் மேலே ஏறி ஊற்றுக்கண்ணைப் பார்த்தேன். பாறை இடுக்கிலிருந்து வந்த தண்ணீர் நேராக மூங்கிலுக்கு வரவில்லை. முதலில் ஒரு கிண்ணம் மாதிரிப் பள்ளத்தில் தேங்கி, அதன் விளிம்பு வழிந்துதான் வந்தது. தேங்கி நின்றது! மேலே ஒரு பாசி வேறு. எனக்கு உடம்பெல்லாம் ஊறியது. பதினைந்து வருஷம் கணக்கப்பிள்ளை காதில் கத்திய கத்தல் சும்மா போகுமா?

கீழே பார்த்துச் சொன்னேன்: "இங்க தண்ணி நிக்குது. அதான் வரத்துக் கம்மி. ஒரு சாண் ஆழமா வெட்டி, கொஞ்சம் சாய்வு குடுத்தா ரெண்டு மடங்கு வரும்."

வேண்டாம் என்று ஒருவராவது சொல்லியிருக்கலாம். கங்காணி ஏறி வந்து பார்த்து, "ஆமா, நிக்குது" என்றார். சகலன் பார்த்து, "நிக்குது" என்றான். எட்டாம் காம்பரா அக்காள், "இத்தன நாளா நிக்குதாப்பா? எவனும் பாக்கலியா?" என்று கோபப்பட்டார். நாங்கள் எல்லோரும் அந்த மலையில் வளர்ந்தவர்கள். தண்ணீர் நின்றால் தப்பு என்றுதான் எங்கள் கைகால்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. பத்துக் காம்பரா சனமும் ஒரே குரலில் வெட்டு என்றது. ஒரே ஓர் ஆள் தவிர.

"ஏங்க, அது பாட்டுக்கு நிக்கிறத எதுக்குத் தொடுறீங்க?" என்றாள் என் மனைவி. "ஒரு வருசம் இல்ல, ரெண்டு வருசம் இல்ல. நம்ம வர்றதுக்கு முன்னாடியிருந்து அப்படித்தானே வருது?"

"நீ கொழுந்தப் பாரு, நான் கானப் பாத்துக்கிறேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் நான் சொன்ன பகடிகளில் திருப்பி வாங்கிக்கொள்ள ஆசைப்படுவது அது ஒன்றைத்தான்.

கடப்பாரையை, எங்கள் ஊர் அலவாங்கை, ஓங்கி இறக்கினேன். கிண்ணத்தின் அடியில் நீலம் பாய்ந்த வெள்ளைக் களிமண், தட்டு மாதிரி கெட்டியாக இருந்தது. நாலாவது குத்தில் 'டொக்' என்று உடைந்தது. உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எவ்வளவு நல்ல களிமண், குழிக்குப் பூச இது கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். அதன் கீழே சரளைக்கல். தண்ணீர் குபுகுபு என்று வந்தது. சொன்னபடியே இரண்டு மடங்கு. சகலன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டான். எனக்கு அந்த உயரத்திலிருந்து லயம், தோட்டம், கீழே ஸ்டோர்ப் புகை எல்லாம் தெரிந்தது. அப்படி ஒரு உயரத்துக்கு நான் அதற்குப் பிறகு ஏறவில்லை.

செவ்வாய்க்கிழமை குழி நிரம்பி வழிந்தது. புதன்கிழமை மத்தியானம் மூங்கிலில் சொட்டுத்தான் வந்தது. மேலே போய்க் காதை வைத்துக் கேட்டேன். சரளைக்குள் எங்கோ ஆழத்தில், பிள்ளைகள் இளநீரின் கடைசித் துளியை உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம். தண்ணீர் மேலே வருவதற்குப் பதிலாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் களிமண் தட்டுதான் இத்தனை காலமாக அதைத் தாங்கிப் பிடித்திருந்தது. நான் அதன் அடியைக் குத்தி ஓட்டை போட்டுவிட்டேன்.

அடைக்கப் பார்த்தோம். களிமண் திணித்தோம், சரளை விழுங்கியது. சாக்கைச் சுருட்டித் திணித்தோம், சாணம் குழைத்து ஊற்றினோம், சுண்ணாம்பு போட்டோம். கங்காணி தேங்காய் உடைத்துச் சூடம் கொளுத்தினார். வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் பத்துக் காம்பரா ஆண்களும் அந்த இடுக்கில் மாறி மாறித் தலையை விட்டுப் பார்த்தோம். பார்த்து என்ன செய்ய? அது போய்விட்டது.

எங்கே போயிற்று என்பதைச் சகலன்தான் கண்டுபிடித்தான். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து, "சகல, வாங்க. ஒண்ணு காட்டணும்" என்றான். அவன் பேசியதே அதிசயம் என்பதால் பின்னாலேயே போனேன். லயத்துக்கு வெகு கீழே, அரை மணி நேரம் இறங்கி, நான் முந்திய வருஷம் வெட்டிய பெரிய கானின் கடைசிக்குக் கூட்டிப் போனான்.

அதில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் மலை காய்ந்து கிடக்க, கானின் மேல்கரையில் ஓர் இடத்தில் கசிந்து வந்து சேர்ந்து, கண்ணாடி மாதிரி ஓடியது. ஓரிடத்தில் தேங்கவில்லை. ஓரிடத்தில் மண்ணை அறுக்கவில்லை. கரையில் என் மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டிவிட்ட தழும்புகள்கூட அப்படியே இருந்தன. ஓடி, ஓடையில் இறங்கி, ஸ்டோருக்குத் தண்ணீர் எடுக்கும் குழாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. பொய் சொல்லமாட்டேன். பார்த்த முதல் நொடியில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எவ்வளவு அழகான கான் என்று. இரண்டாம் நொடியில் உட்கார்ந்துவிட்டேன். சகலனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மறிச்சுப் பாப்பமா?" என்று கேட்டேன்.

"மறிச்சா பத்துச்சீட்டு" என்றான். அதாவது தோட்டத்தை விட்டே அனுப்பிவிடுவார்கள். கானில் மண் போடக்கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். அதை மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி மிரட்டியவனே நான்தான்.

அங்கிருந்து குடத்தில் மொண்டு மேலே கொண்டுபோகலாமா என்று கேட்டுப் பார்த்தோம். தேயிலைக்குள் புதுப்பாதை போடக்கூடாது என்றார் கண்டாக்கையா. அது ஸ்டோர்த் தண்ணீர் என்றும் சொன்னார். மூன்று நாளில் அது ஸ்டோர்த் தண்ணீர் ஆகிவிட்டிருந்தது.

அடுத்த வாரம் பெரிய துரை அந்தக் கானைப் பார்க்க வந்தார். ஸ்டோரில் தண்ணீர்க் குறைவால் வேலை மந்தமாகி, இப்போது திடீரென்று சரியாகிவிட்டதாம். எங்கிருந்து என்று தெரிந்துகொள்ள வந்தார். நாங்கள் வரிசையாக நின்றோம். துரை கானின் ஓரமாக நடந்து, தன் கைத்தடியால் கரையைத் தட்டிப் பார்த்தார்.

"இது யாரு வெட்டினது?"

கங்காணி என்னைக் காட்டினார்.

"நல்ல கான்" என்றார் துரை. "தண்ணி நிக்கலே. மெத்த நல்லது."

"சலாங்க தொரை" என்றது என் வாய். நான் சொல்லவில்லை. அதுவாகச் சொன்னது. பதினைந்து வருஷமாக நான் காத்திருந்த பாராட்டு அது.

கங்காணி பயந்து பயந்து மேல் லயத்துப் பீலியைப் பற்றிச் சொன்னார். துரைக்கு அது முன்பே தெரியும். "ஆமா. லயம் பூட்டு" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

குழியில் இருந்த தண்ணீரை மூன்று குடம் இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்கிக் குடித்தோம். அந்த நாட்களில் யாராவது என்னைத் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். திட்டினால் திருப்பி ஏதாவது சொல்லலாம். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே. யாரும் திட்டவில்லை. வெட்டு என்று அவர்களும்தான் சொல்லியிருந்தார்கள். எட்டாம் காம்பரா அக்காள் அடியில் சேறு தெரிகிற குழிக்குப் பக்கத்தில் வழக்கம்போல் வந்து உட்கார்ந்திருப்பார். காவல் காக்க ஒன்றும் இல்லை. நான் போனால், "மூஞ்சி கழுவணுமாப்பா?" என்று மெதுவாகக் கேட்பார். என் மனைவியும் என்னை ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. நாள் முழுக்க என்னை வாரிக்கொண்டிருந்தவள், சாப்பிடுங்க, படுங்க என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஒரு சாயங்காலம் கங்காணியிடம் போய் நின்றேன்.

"நாலாம் காம்பராக்காரரு றொசல்லைக்குப் போக ரெடியா இருக்காரு. அங்க அவரு மச்சான் இருக்காராம். ஆறாம் காம்பராவ அவரு எடத்துல பணியக் கணக்குக்குப் போடுங்க கங்காணி. இல்லாட்டி எங்களையும் றொசல்லைக்கே போடுங்க."

அவர் வெகுநேரம் வெற்றிலை மென்றார். "போய்க் கேட்டேன்ப்பா, நீ சொல்றதுக்கு முன்னாடியே" என்றார். "தொரை என்னா சொன்னாரு தெரியுமா? நல்ல கான்காரன், அவன் இங்க வேணும்னாரு. ஆறுலேந்து பத்து போகணும்னு எழுதியாச்சு, மாத்துனா ஒன்னைய மாத்துவேன்னாரு."

ஆக, நான் நன்றாக வேலை செய்கிறவன் என்பதால் என்னை அனுப்பவில்லை. இதைக் கேட்டு நான் சிரித்தேன். கங்காணியும் சிரிக்கப் பார்த்து, முடியாமல் வெற்றிலையைத் துப்பினார்.

பங்குனிக் கடைசியில் லயத்தைப் பூட்டினார்கள். அம்மி, குழவி, கோழி, தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் வாசலில் கிடந்தன. ஐந்து காம்பரா கீழ்ப்பாதையில் இறங்கவேண்டும். ஐந்து காம்பரா ரோட்டுக்கு ஏறவேண்டும். கொழுந்தியாளுக்கு ஏழாம் மாதம். வயிற்றில் ஒரு கையும் இடுப்பில் ஒரு மூட்டையுமாக வந்து என் முன்னால் நின்றாள்.

"மச்சான், அங்கயும் ஒருநா வந்து ஒரு கான் வெட்டி விடுங்க. தண்ணியோட சேந்து நானும் ஓடி வந்துர்றேன்" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். அவள் என் கையைத் தட்டிவிட்டு அக்காளிடம் போனாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுவார்கள் என்று நினைத்தேன். அழவில்லை. என் மனைவி அவள் முந்தானையைச் சரிசெய்து, "வலி எடுத்தா பயப்படாத. பக்கத்துல யாராச்சும் பெரியவங்க இருப்பாங்க, அவங்க கையப் புடிச்சுக்க" என்றாள். அவ்வளவுதான். நூறு தடவை சொன்ன பேச்சில் ஒரு வார்த்தையை மட்டும் மாற்றிச் சொன்னாள்.

அவர்கள் ரோட்டுக்கு ஏறிப் பத்து நாள்கூட ஆகவில்லை. மழை பெய்தது. சித்திரை மழை, பேய் மாதிரி. பூட்டிய லயத்துக்கு மேலே அந்தக் குழி நிரம்பி வழிந்தது என்று விறகுக்குப் போனவர்கள் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

பணிய லயத்தில் எங்களுக்குக் கிடைத்தது கடைசிக் காம்பரா. ஒரு பக்கம் வெளிச்சுவர். இன்னொரு பக்கம், சுவருக்கு அப்பால், பெண்டாட்டி பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருந்த வயசாளி ஒருவர். இருமுவார். அதைத் தவிர அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வராது. ஆனியில் நான் லீவு கேட்டேன். நல்ல கான்காரனுக்கு மழைக்காலத்தில் லீவா என்று கேட்டார்கள். என் மனைவி தான் மட்டுமாவது போகக் கேட்டாள். கொழுந்து அள்ளிக் கொட்டுகிற நேரம், ஒரு கைகூடக் குறையக்கூடாது என்றார்கள்.

ஆனிக் கடைசியில் ஒரு மத்தியானம், றொசல்லையிலிருந்து உறவுக்காரரைப் பார்க்க வந்த ஒருவர் குடையும் கையுமாக எங்கள் வாசலில் நின்றார். நாங்கள் சாப்பாட்டுக்கு வந்திருந்த நேரம். நான் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு நின்றேன்.

"பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் சொகம்" என்றார். "மூணு நாளா வலி. பொழைக்காதுன்னுதான் நெனச்சோம். அக்கா அக்கான்னு ஒரே சத்தம். அப்பறம் மாரியாத்தா கண்ணத் தொறந்தா."

என் மனைவி அடுப்பில் தேத்தண்ணீருக்குக் கேத்தலை வைத்தாள். "அங்க தண்ணிக்கு எப்படிங்க?" என்று கேட்டாள்.

"தண்ணிக்கென்ன, பீலியில ரெண்டு கை மொத்தம் ஊத்துது. வெயில் காலத்துலயும் கொறையாதாம்."

"அப்ப அங்க நல்ல கான்காரரு யாரும் இல்லபோல" என்றாள் என் மனைவி, என்னைப் பார்க்காமல்.

நான்கு மாதத்துக்குப் பிறகு அவள் என்னை வாரியது அதுதான். நான் ஏதாவது திருப்பிச் சொல்லவேண்டும் என்று அவள் காத்திருந்தாள் என்றுகூடத் தோன்றியது. வந்தவர் சிரித்தார். தேத்தண்ணீர் குடித்துவிட்டு அவர் போனார். தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. மலையில் என் கான்களெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

அவள் கைகளைத் துடைத்துக்கொண்டாள். சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி, தலையை நிமிர்த்தி, கூரைக்குக் கீழேயிருந்த அந்த இடைவெளியைப் பார்த்து, "ஏய், கேட்டியாடி, பொம்பளப் புள்ளயாம்..." என்று கத்தினாள். பாதியில் நின்றுவிட்டாள்.

அந்தப் பக்கம் இருமல் சத்தம். பிறகு அந்த வயசாளியின் குரல்.

"என்னம்மா, கூப்பிட்டியா?"



"இல்லீங்க" என்றாள் என் மனைவி. "அங்க மழ ஒழுகுதான்னு கேட்டேன்."